சாமிகள் உண்டு, முதலாளி இல்லை

மஸ்கெலியா,
சித்திரை மாதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வருஷப் பிறப்புக்கு முதல் நாள் கைக்கு வந்தது. கூடலூரில் பச்சைக் கொழுந்துக்கு விலை இல்லை, யானை வந்து வாழையை மிதித்துவிட்டது, பேரன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான், எல்லாம் படித்தேன். இங்கே சின்னவளுக்கு நுவரெலியாப் பக்கம் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. என் முழங்கால் பழையபடிதான். இந்த சீசனுக்கும் சிவனொளிபாத மலை ஏறவில்லை. வெசாக் போயாவோடு, அதாவது வைகாசிப் பௌர்ணமியோடு சீசன் முடிந்துவிடும், இனி மார்கழியில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடவுள் இல்லை என்று அடித்துச் சொன்ன முதல் பகுத்தறிவுவாதி புத்தர்தான் என்கிறான் உன் பேரன். இல்லை, அவர் அந்தக் கேள்விக்கே வாய் திறக்கவில்லை என்கிறாராம் அவனுடைய வாத்தியார். பௌத்தர்கள் நடுவிலேயே இருக்கிறாயே, நீ சொல் என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் பாதிதான்.

நம் பஜாரில் மரக்கறிக் கடை வைத்திருந்த சிங்கள ஐயா நினைவிருக்கிறதா? இப்போது மகன் நடத்துகிறார். கடைக்குள் சுவரில் ஒரு தட்டு. மேல்தட்டில் புத்தர், அவருக்கு முன்னால் பூவும் விளக்கும். கீழே கதிர்காமத்துக் கந்தன் படமும் விஷ்ணு படமும். கந்தன் என்றும் கீழ்த்தட்டில்தான், மேலே ஏறுவதே இல்லை. லொறி தூரப் பயணம் போகிற நாளில் மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் ஒரு நாணயத்தை முடிந்து கீழ்த்தட்டில் வைப்பார். லொறிக் காரியத்துக்காகப் புத்தரிடம் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு வியப்பு அதற்கு அடுத்ததில்தான். மாலையில் அவர் பாளி மொழியில் ஓதி முடிக்கும்போது ஒரு பாட்டு வரும். வானிலும் மண்ணிலும் இருக்கிற தேவர்களும் நாகர்களும் நாங்கள் செய்த இந்தப் புண்ணியத்தை ஏற்று மகிழட்டும், புத்த சாசனத்தை நெடுங்காலம் காக்கட்டும் என்று பொருள். பார்த்தாயா, மனிதன் சாமிக்குப் புண்ணியம் கொடுக்கிறான்! நம் ஊர் மாரியம்மனுக்கு நான் பொங்கல் வைப்பேன், கிடா வெட்டுகிறவன் வெட்டுவான், ஆனால் அம்மா, என் புண்ணியத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவர்கள் கணக்கு வேறு. தேவர்களும் முன்பு செய்த நல்வினையால் மேலே போனவர்கள்தான். அங்கே சுகம் அதிகம், புதிதாகப் புண்ணியம் சேர்க்க வாய்ப்புக் குறைவு. இருப்புத் தீர்ந்தால் அவர்களும் இறங்கத்தான் வேண்டும்.

கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகையைச் சுற்றி நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று நான்கு தேவாலயங்கள். எசல பெரஹெர என்கிற ஆண்டு ஊர்வலத்தில் மாளிகையின் தாதுப் பேழை முன்னால் போகும், இந்த நால்வரின் ஊர்வலங்கள் பின்னால் வரும். புதன், சனிக்கிழமைகளில் தேவாலய வாசலில் கூட்டத்தைப் பார்த்தால் உன் பேரன் பகுத்தறிவைக் கொஞ்சம் ஒத்திவைப்பான். பத்தினி நம் கண்ணகிதான். அவள் கோயில் விழாவுக்கு வந்தவர்களில் இலங்கைக் கயவாகுவையும் சிலப்பதிகாரம் சேர்த்துச் சொல்கிறதே. விஷ்ணு இங்கே வந்த கதை இன்னும் சுவையானது. புத்தர் தம் கடைசி நேரத்தில் இலங்கையைப் பார்த்துக்கொள் என்று இந்திரனிடம் சொல்ல, இந்திரன் அந்தப் பொறுப்பைத் நீலத்தாமரை நிறத் தேவன் ஒருவனிடம் ஒப்படைத்தான் என்கிறது மகாவம்சம். அந்தத் தேவன்தான் விஷ்ணு என்பது இங்குள்ள நம்பிக்கை. ஆக, தோட்டம் மாதிரி வைத்துக்கொள். கங்காணி உண்டு, கணக்கப்பிள்ளை உண்டு, துரை உண்டு, எல்லாருக்கும் மாற்றலும் ஓய்வும் உண்டு. தோட்டத்தை உண்டாக்கிய முதலாளி என்று ஒருவர் மட்டும் கிடையாது. (தேயிலை அரைக்கும் இடத்துக்கு ரோதமுனி, கவ்வாத்து வெட்டுகிற மலைக்குக் கவ்வாத்துச் சாமி என்று வேலைக்கு ஒரு சாமி வைத்த நமக்கு இது புரியாமல் போகாது.)

அந்த முதலாளி எப்படி வந்தார் என்பதற்கும் புத்தர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். புத்தர் பேச்சுகளின் பாளித் தொகுப்புகளில் ஒன்றான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜால சூத்திரத்தில் வருகிறது. உலகம் ஒடுங்கி மறுபடி விரியும்போது பிரம்ம விமானம் ஆளில்லாமல் கிடக்கிறது. மேலுலகத்தில் புண்ணியம் தீர்ந்த ஒருவன் அங்கே வந்து பிறக்கிறான். நெடுங்காலம் தனிமை. பொறுக்க முடியாமல், இன்னும் யாராவது வந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்குகிறான். அந்த நேரம் பார்த்து வேறு சிலருக்கும் புண்ணியம் தீர்ந்து அங்கே வந்து பிறக்கிறார்கள். நான் நினைத்தேன், இவர்கள் வந்தார்கள், அப்படியானால் நான்தான் படைத்தேன் என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். இவர் நமக்கு முன்பே இருந்தார், அதனால் இவர்தான் நம்மைப் படைத்தவர் என்று அவர்களும் நம்பிவிடுகிறார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கவனித்தாயா? தனிமையில் இருந்த ஒருவனின் தவறான கணிப்பு, அவ்வளவுதான்.

கேவத்த சூத்திரத்தில் அதே பிரம்மாவை ஒரு பிக்கு தேடிப் போகிறார். நிலம், நீர், தீ, காற்று நான்கும் எங்கே மிச்சமின்றி ஒடுங்கும் என்பது அவர் சந்தேகம். கீழ்த் தேவர்கள் ஒவ்வொருவரும் மேலே போய்க் கேள் என்று அனுப்பிவிடுகிறார்கள். கடைசியில் பிரம்மா தோன்றி, நானே மகாபிரம்மா, நானே படைப்பவன், அனைத்தையும் காண்பவன் என்று முழங்குகிறார். அது தெரிகிறது, நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்று பிக்கு விடவில்லை. மூன்றாம் தடவை பிரம்மா அவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், இந்தத் தேவர்களெல்லாம் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கிறார்கள், அதனால்தான் அவர்கள் முன்னால் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது, புத்தரிடமே போய்க் கேள் என்கிறார். இதைப் படித்து நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அந்த 'ஓரமாகக் கூட்டிப்போய்' எந்தக் கந்தோரில், எந்த ஆபீசில் நடக்கவில்லை!

ஆகவே புத்தர் வாய் திறக்கவில்லை என்பது சரியில்லை. அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள் பத்து. உலகம் நிலையானதா இல்லையா, முடிவுள்ளதா இல்லையா, உயிரும் உடலும் ஒன்றா வேறா, ததாகதர், அதாவது புத்தர், இறந்தபின் என்ன ஆகிறார் என்பவை. படைத்தவன் உண்டா என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதைப் பற்றி அவர் நேராகவே பேசியிருக்கிறார். நமக்கு வரும் இன்பதுன்பம் எல்லாம் ஈசன் படைப்பு என்றால் கொலைகாரன் கொலை செய்வதும் அவன் படைப்பால்தானே, அப்புறம் இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்ல என்ன இருக்கிறது என்று அங்குத்தர நிகாயம் என்கிற இன்னொரு தொகுப்பில் கேட்கிறார். அவருக்கு உறுத்தல் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வானத்தில் யார் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை, செய்தவன் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது.

இனி உன் பேரனுக்கு ஒரு குட்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய்க் கேட்கிறாள். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள். கண்ணால் கண்டதே உண்மை, மறுபிறப்பெல்லாம் இல்லை என்கிற பூதவாதியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரையே அனுமானத்தால்தானே அறிவாய் என்று மடக்கியும் விடுகிறாள். படைத்தவன் வேண்டாம் என்கிற பௌத்தம் நாத்திகனோடும் கை குலுக்கவில்லை. இன்னொன்று: அதே காப்பியத்தில் புத்த பீடிகையைக் காவல் காக்கும் தீவதிலகையும் ஒரு தெய்வம்தான். இரத்தினத் தீவத்துச் சமந்த மலையின் உச்சியில் புத்தர் பாதம் இருப்பதாகச் சொல்கிறவளும் அவளே. என் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற சிவனொளிபாத மலைதான் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பெரியவர்களுக்கு இதில் திருப்தி இல்லை என்பது உனக்குத் தெரியும். வினை சடம், தானாக வந்து செய்தவனைப் பிடிக்க அதற்கு அறிவில்லை, கூட்டி வைக்க ஒருவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். விதை முளைக்க யார் கட்டளை போடுகிறார் என்று கேட்பார்கள் பௌத்தர்கள். ஈழத்திலிருந்து பிக்குகள் தில்லைக்கு வந்து மாணிக்கவாசகரோடு வாதிட்டார்கள் என்ற கதையும் இந்தச் சண்டையின் மிச்சம்தான். நான் திருநீறு பூசுகிறவன், சித்தாந்தத்தின் பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் கொலைகாரன் கேள்விக்கு நம் ஆட்கள் சொன்ன பதில் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

உன் பேரனுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1950 மே மாதம் உலக பௌத்தர் மாநாட்டுக்காக அம்பேத்கர் கண்டிக்கு வந்தார். மாளிகைக்குப் பக்கத்திலேயே விஷ்ணு தேவாலயம் இருக்கிற ஊர் அது. 1956இல் நாக்பூரில் அவர் எடுத்த 22 உறுதிமொழிகளில் முதலாவதே பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை நம்பமாட்டேன், வணங்கமாட்டேன் என்பது. எங்கள் கடைக்காரருக்கு அது விளங்காது, விளங்க வேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை. அவருடைய விஷ்ணு அவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தவில்லையே. இந்தியாவில் அந்தச் சாமிகளின் பெயரால்தான் ஆளைத் தரம் பிரித்தார்கள். அம்பேத்கர் கீழ்த்தட்டையும் காலி செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

27ஆம் காதையைப் பேரனைப் படிக்கச் சொல். படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரட்டும், ஆனால் கடிதமாக எழுதட்டும். போனில் வருகிற பொடி எழுத்து என் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. மார்கழியில் நீ வருவதாக இருந்தால் புரட்டாசிக்குள் சொல், சீசனில் ஹட்டன் பஸ்ஸிலும் இடம் கிடைக்காது, இங்கே அறையும் கிடைக்காது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்