செல்வி அக்காவுக்கு: கியர் பெட்டியை இறக்கச் சொல்வதற்கு முன்

அன்புள்ள அக்கா,

உங்கள் காரில் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருவதாகவும், 'பெட்டியை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்' என்று தண்டையார்பேட்டை மெக்கானிக் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு சரி சொல்லாதீர்கள். இறக்காமலே தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அந்தக் கரகர சத்தம் எல்லா கியரிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் வந்தால் கிளட்ச் மேல்தான் சந்தேகம். ரெண்டாவது கியரில் மட்டும் என்றால் கோளாறு பெட்டிக்குள்ளே.

முதலில் காலடியைப் பாருங்கள். மழைக்காலத்தில் மேட் மேல் மேட் போட்டு ஓட்டுகிறவர்கள் அதிகம். அது தடுத்தால் பெடல் அடிவரை போகாது, கிளட்சும் முழுதாக விடாது, அதாவது இன்ஜினையும் கியர் பெட்டியையும் முழுதாகப் பிரிக்காது. செலவே இல்லாமல் தீர்ந்துபோகும் கோளாறு இது!

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. பல சின்ன கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. சமதரையில், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை முழுதாக மிதித்து 5 விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு காத்திருந்தும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் வெண்ணெய் போல் விழுந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

கிளட்ச்தான் என்று ஆனால், கிளட்சைக் கேபிள் இழுக்கும் வண்டியில் பெடலின் ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரம், கூடியிருக்கலாம். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மேனுவலில் மில்லிமீட்டரில் இருக்கும், அதன்படி நட்டைத் திருப்பி சரிசெய்யலாம். எண்ணூர் பக்கம் கடல் காற்றிலேயே நிற்கும் வண்டிக்குக் கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகுவதும் உண்டு. ஹைட்ராலிக் வண்டியென்றால், அதாவது கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும் வண்டியென்றால், பெடலை மூன்று நான்கு முறை வேகமாக மிதித்துவிட்டு கியர் போடுங்கள். சத்தம் குறைந்தால் லைனில் காற்று இருக்கலாம், அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம். கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் ஈரமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்து, ரெண்டாவது மட்டும் கரகரத்தால் டபுள் கிளட்ச் செய்து பாருங்கள். ஒன்றிலிருந்து எடுத்து நியூட்ரலில் வைத்து, கிளட்சை ஒருதரம் விட்டு, மறுபடி மிதித்து ரெண்டாவது போடுங்கள். இப்படிப் போட்டால் சத்தமில்லையா? அப்படியானால் சிங்க்ரோவின் பித்தளை ரிங் தேய்ந்துவிட்டது. கியரின் வேகத்தைச் சமப்படுத்துவது அதன் வேலை, அந்த வேலையை இப்போது உங்கள் கால் செய்கிறது.

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஆயிலை வடித்துப் பாருங்கள். நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும், பிறகுதான் வடிக்கும் போல்ட். நிரப்பும் போல்ட் இறுகிக் கிடந்தால் வடித்த பெட்டியோடு மாட்டிக்கொள்வீர்கள். வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் பயமில்லை. வடித்த ஆயிலில் மஞ்சளாக மினுமினுக்கும் தூள் பித்தளை, அதாவது ரிங். இரும்புச் சில்லுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. ஆயில் பால் கலந்தது போல் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கியிருந்தால் இதை எதிர்பார்க்கலாம்.

புது ஆயில் விஷயத்தில் கறாராக இருங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரவகைகள். மேனுவல் ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4தான். 'ஜிஎல்-5 இன்னும் உசத்தி' என்பார்கள், நம்பாதீர்கள். அதன் வழுக்கலில் ரிங்குக்குப் பிடிப்பு குறையும், சிலவகை ஜிஎல்-5 ஆயில் பித்தளையையே அரிக்கும். சின்ன கார்களுக்கு 2 லிட்டர் சுமாராகப் பிடிக்கும். நிரப்பும் துளையின் விளிம்புவரை வந்தால் போதும். ஆயில் மாற்றியதுமே சத்தம் குறைந்த வண்டிகள் உண்டு, ஆனால் தேய்ந்துபோன ரிங்கை எந்த ஆயிலும் திருப்பித் தராது.

இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ரிங்கோடு, நகர்ந்து கியரோடு பூட்டிக்கொள்ளும் ஸ்லீவின் பல் நுனியையும் பார்க்கச் சொல்லுங்கள். நுனி மழுங்கியிருந்தால் புது ரிங் போட்டும் சத்தம் போகாது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் பழசாக இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள், இறக்கும் கூலி ஒன்றுதானே. பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் முழுப் பெட்டியே மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அதன் ரெண்டாவது கியர் ரிங் எப்படி இருக்கிறது என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

ரிவர்ஸ் சோதனையில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி