கட்டியங்காரனின் வாரிசு: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் காதுகுத்து முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரிக்கவே தெரியவில்லை, போனைப் பார்த்து மூக்கால் காற்று விடுகிறார்கள், அவ்வளவுதான்" என்று நீங்கள் சொன்னீர்கள். அங்கே யாரும் மறுத்துப் பேசவில்லை. பாயசம் வந்துவிட்டதால் நானும் பேசவில்லை. நீங்கள் சொன்னதில் கால் பங்கு உண்மை என்று எனக்கும் தோன்றுகிறது. மீதி முக்கால் பங்குக்காகத்தான் இந்தக் கடிதம். வீட்டுக்குள் பேச வேண்டியதை ஊரறிய எழுதுகிறானே என்று கோபிக்க வேண்டாம். உங்களைப் போலவே பேசுகிற சித்தப்பாக்கள் வாலாஜாவிலும் ஆரணியிலும் திருப்பத்தூரிலும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

உங்களுக்குப் பிடித்த நகைச்சுவையிலிருந்தே தொடங்குகிறேன். 1959-இல் வந்த 'கல்யாண பரிசு' படத்தில் வேலை வெட்டி இல்லாத தங்கவேலு, மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாக மனைவியிடம் கதை விட்டுக்கொண்டிருப்பார். எங்கள் தெருவில் வேலை இல்லாத எவராவது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், திண்ணையில் இருந்தபடியே "இன்னாப்பா, மன்னார் அண்ட் கம்பெனிக்கா?" என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்திராத சிறுவர்களான நாங்களும் சிரிப்போம். கேட்கப்பட்டவரும் பெரும்பாலும் சிரித்துவிடுவார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, அன்றைக்குத் தெருவில் போகிறவர் மேல் நீங்கள் ஒட்டினீர்கள். என் மகள் தன் போனில் மீம் என்று நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பதும் இதே வேலைதான் என்று சொன்னால் நம்புவீர்களா?

அவளுடைய தெய்வம் வடிவேலு. 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் கான்ட்ராக்டர் நேசமணியாக வருகிற அவருடைய தலையில் சுத்தியல் விழும். அந்தப் படம் வெளியானபோது என் மகள் பிறக்கவே இல்லை. 2019 மே மாதத்தில், ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியலின் படத்தைப் போட்டு 'உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்' என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இது நேசமணியின் தலையில் விழுந்த கதையையும் நடந்த செய்தி போலவே எழுதிவைத்தார். அவ்வளவுதான்; நேசமணி நலம்பெறப் பிரார்த்திப்போம் என்று ஊரே கிளம்பிவிட்டது. டெல்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்ற அதே நேரத்தில், உலக அளவில் ட்விட்டரில் பேசப்பட்டது நேசமணியின் தலைக்காயம். எவரும் சிரிப்புக்குறி போடாமல், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நிருபரைப் போன்ற முகத்தோடு இதைச் செய்தார்கள் என்பதுதான் அதன் சுவை. 2011-க்குப் பிறகு வடிவேலுவின் படங்கள் வெகுவாகக் குறைந்துபோன ஆண்டுகளில்தான் அவர் முகம் இந்தப் பிள்ளைகளின் அன்றாடப் பேச்சாக மாறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். படம் வராவிட்டாலும் துண்டுகள் போதுமானவையாக இருந்தன.

இப்போது நீங்களே என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிய ஒன்றைச் சொல்கிறேன். கலவைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கர்ண மோட்சம் தெருக்கூத்து. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னாலிருந்து கர்ணன் தன் பெருமையை விருத்தமாகப் பாடுகிறான். முகவீணை காதைத் துளைக்கிறது. தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் பளபளக்க அவன் வெளியே வந்து, தான் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கும் வள்ளல் என்று செந்தமிழில் முழங்குகிறான். கூத்தில் அரசனின் சேவகனாகவும் கோமாளியாகவும் வருகிற கட்டியங்காரன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வள்ளலாமே வள்ளல்! இந்தத் திருவிழாவுக்கு இன்னா தலைக்கட்டு வரி குடுத்த?" என்று கேட்கிறான். வரி பாக்கி வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். ஊர் முழுவதும் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தது. பக்கத்து ஊரில் அந்தக் கேள்விக்கு ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்த ஊரிலேயேகூட, அவர் பாக்கியைக் கட்டிவிட்ட மறுநாள் அது செத்துப்போயிருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்த பாரதக் கதை, அதற்கு நடுவே அன்றைய ஊர் விவகாரம், சொல்பவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமை: கட்டியங்காரன் கையாள்கிற சரக்கு இது. பாரதம் இருந்த இடத்தில் வடிவேலுவை வைத்துப் பார்த்தால் என் மகளின் மீம் கிடைத்துவிடும். கூத்துக்கும் மீமுக்கும் இருக்கிற நெருக்கம், இடையில் வந்த எங்கள் தலைமுறையின் கேசட்டுக்கு இல்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தைக் கேட்டு வளர்ந்த நாங்கள், தருமி புலம்புவதை ஏற்ற இறக்கம் தவறாமல் ஒப்பித்தோம். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை நடித்துக் காட்டும்போது எவனாவது ஒரு சொல்லை மாற்றிவிட்டால் அவனைத் திருத்தினோம். எங்களுக்கு நகைச்சுவை என்பது மனப்பாடப் பகுதி. அதற்குள் எங்கள் ஊரைக் கொண்டுவந்து வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே சிரிக்கத் தெரியாத தலைமுறை என்று யாரையாவது சொல்லியே தீர வேண்டுமானால், உங்கள் பேத்தியை விட்டுவிட்டு என்னைச் சொல்லுங்கள்.

கவுண்டமணி செந்திலை உதைக்கும் காட்சிகளுக்கு அவள் சிரிப்பதில்லை என்பதும் உங்கள் மனக்குறைகளில் ஒன்று. 'தொட்டதற்கெல்லாம் மனம் புண்படுகிறது இவர்களுக்கு' என்றீர்கள். கவுண்டமணி பெரிய மனிதத் தோரணைகளைக் கிழிக்கிற இடங்களில் அவளும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதை நானே பார்த்திருக்கிறேன். நிறத்தையும் உருவத்தையும் சொல்லித் திட்டுகிற இடங்களில்தான் அவள் முகம் சுருங்குகிறது. கூத்தில் சேவகன் அரசனைக் கிண்டல் செய்வான்; சினிமாவில் பல நேரம் உதை மேலிருந்து கீழே இறங்கியது. இந்த விஷயத்தில் அவள் நாட்டம் நம் ஊர்ப் பழைய வழக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்காகக் கூத்தைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. நள்ளிரவுக்கு மேல் கட்டியங்காரன் பெண்களைப் பற்றிப் பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

நம் வேலூரைப் பற்றி எல்லாரும் சொல்லிச் சலித்த பழைய கேலி ஒன்று இருக்கிறதே: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். ஆளுக்கொரு விதமாக இந்தப் பட்டியல் நீளும். இதை நீங்கள் சொன்னால் சிரிக்கிற அதே கூட்டத்தில் என் மகள் மட்டும் ஏன் விழிக்கிறாள் என்று யோசித்தேன். நெடுங்காலம் சாமி இல்லாமல் இருந்த கோட்டைக் கோயிலுக்கு 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேசுவரர் திரும்பிவிட்டார். அவள் அறிந்த கோயில், பிரதோஷத்தன்று உள்ளே நுழைய முடியாத அளவுக்குக் கூட்டம் நெரிகிற கோயில். கோட்டைக்குள் பயிற்சிக் காவலர்கள் இருந்த விவரம் தெரியாதவளுக்கு அதிகாரம் இல்லாத போலீஸ் எப்படிப் புரியும்? தண்ணீர் இல்லாத ஆறு மட்டும் அவளுக்கு உடனே விளங்கியது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, 'அந்தப் பட்டியலில் இருந்து என் பெயரை உடனே நீக்கவும்' என்று ஆறே மனு கொடுப்பதாக ஒரு படம் செய்து அனுப்பினாள். மனுவைக் கையில் வாங்குகிற அதிகாரியாக வடிவேலு. அதற்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1989-இலேயே வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. 2019-இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. நீங்கள் இன்றைக்கும் புதிதாகச் சந்திப்பவர்களிடம் "நான் நார்த் ஆற்காட்டுக்காரன்" என்றுதான் சொல்கிறீர்கள். அவள் அந்தப் பட்டியலின் கடைசியில் 'மாவட்டம் இல்லாத தாத்தா' என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று எல்லாரும் சிரித்தது இதற்காகத்தான். கண் சரியில்லை என்று நீங்கள் போனைக் கீழே வைத்துவிட்டதால் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

உங்கள் சொல்லில் கால் பங்கு உண்மை என்றேன் அல்லவா? அது சத்தத்தைப் பற்றியது. கூத்துக் களத்தில் சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் பரவும். புரியாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லாரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பார். அவரைப் பார்த்து மறுபடி எல்லாரும் சிரிப்பார்கள். அந்த இரண்டாவது சிரிப்பு போனில் இல்லை. விடுதியில் அவள் தோழிகள் ஒரே அறையில் இருந்துகொண்டே ஒருவருக்கொருவர் படத்தை அனுப்பி, கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் பொம்மையைப் பதிலாகப் போடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கும் ஏதோபோல் இருக்கிறது. இதில் நான் உங்கள் கட்சி.

பங்குனியில் கலவைப் பக்கம் பாரதம் தொடங்கியதும் சொல்லி அனுப்புங்கள். கர்ண மோட்சத்தன்று அவளையும் அழைத்து வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: கட்டியங்காரன் பேசும்போது நீங்கள் குனிந்து அவள் காதில் விளக்கம் சொல்லக் கூடாது. அவன் உங்களைக் கிண்டல் செய்தால், நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பதைத் தடுக்கவும் கூடாது.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்,
வேலூர்.