ஆளைக் கூட்டினால் நாள் குறையுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

திட்டப்பணி தாமதமானதும் எல்லாப் பிரிவிலும் ஆட்களைக் கூட்டுவது வீண்செலவு. ஊற்றிய கான்கிரீட், பத்துப் பேர் சுற்றி நின்றாலும் அதன் போக்கில்தான் இறுகும். 1950களின் இறுதியில் உருவான ‘கிரிட்டிக்கல் பாத்’ முறைப்படி, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டிய வேலைகளின் மிக நீண்ட தொடரே முடிவு நாளைத் தீர்மானிக்கிறது. அதற்கு வெளியே உள்ளவற்றை விரைவுபடுத்தினால் ஒரு நாள்கூட மிச்சமாகாது. அத்தொடரிலும், ஒரு நாளைக் குறைக்க எந்த வேலைக்குக் கூடுதல் செலவு மிகக் குறைவோ, அதில்தான் முதலில் கைவைக்க வேண்டும். குறைக்கக் குறைக்க வேறொரு தொடர் நீண்டதாகிவிடும் என்பதால் (பலரும் மறப்பது இதைத்தான்) ஒவ்வொரு முறையும் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துவது செலவில்லாத வழிபோலத் தோன்றினாலும், வரைபடம் இறுதியாகும் முன்பே அடித்தளம் போட்டு, தூணின் இடம் மாறியதும் அதை உடைத்தெடுக்க நேர்ந்தால், மிச்சம் பிடித்த நாட்களுக்கு மேல் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்