வள்ளி எந்தக் கூட்டம்?

ஊர்ப் பெரியவர்களுக்கும், வள்ளி கும்மிக் குழுவை முன்நின்று நடத்தும் மாமன்மார், அண்ணன்மாருக்கும் வணக்கம்.

அரங்கேற்றம் நல்லபடியாக நடந்து முடிந்ததற்கு முதலில் வாழ்த்துகள். கோவில் திடல் நிறைந்திருந்தது. ட்ரோன் வைத்து எடுத்த வீடியோவும் நன்றாகவே வந்திருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது தெரியாது. கீழே இரண்டாம் வரிசையில் ஆடிய எனக்கு என் பக்கத்தில் யார் இல்லை என்பது தெரிந்தது.

முந்தைய நாள் மாலை என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேலை கொடுத்தவர்களும் நீங்கள்தான், பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்களும் நீங்கள்தான். வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகளில், நம் லைன் வீட்டில், குடியிருக்கும் அந்த அக்காவின் பெயரும் அவர் மகளின் பெயரும் பட்டியலில் இல்லை. உள்ளூர்க் குடும்பங்கள் மட்டும் ஆடினால் போதும் என்று முடிவாகிவிட்டது என்றீர்கள். யார் முடிவு செய்தது, எப்போது என்று கேட்டேன். மைக் செட்காரர் வந்துவிட்டார் என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அந்த அக்கா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வெளியே வந்து, பஸ் பிடித்து நம் திடலுக்கு வரும்போது பாதிப் பயிற்சி முடிந்திருக்கும். விட்டுப்போன அடிகளை ஆறாம் வகுப்பு படிக்கும் மகள்தான் சொல்லிக்கொடுப்பாள், லைன் வீட்டு வாசலில், தண்ணீர்க் குழாய்க்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே. கைதட்டு பிசகினால் மகள் அம்மாவை அதட்டுவாள், அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து கும்மிப் பாட்டைக் கேட்டு வளர்ந்த எங்களில் பலரைவிட அந்தப் பெண் அடி தப்பாமல் ஆடினாள். ஆசிரியரே இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் குழந்தையிடம் சலங்கையைத் திருப்பிக் கேட்டீர்கள். அவள் கழற்றிக் கொடுத்தாள். அளவு சரியில்லை, வேறு சலங்கை தரப்போகிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டியபடியே நின்றாள். அதற்குள் அம்மாவிடம் சேலைப் பணத்தைக் கவரில் போட்டுக் கொடுத்து, எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் ஒருவர். கணக்கில் நாம் நாணயமானவர்கள்தான், குறை சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: கற்றுக்கொண்டவரை ஆட விடுங்கள்.

இது நம் பழக்கவழக்கம், வெளியாட்களைச் சேர்த்தால் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. பழக்கத்தைப் பற்றியே பேசுவோம். வள்ளி ஒயில் கும்மி வெகுகாலம் ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் அய்யா அந்தப் பழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அரசு எடுத்துச் சொன்ன சிறப்புகளில் அதுவும் ஒன்று. நம் குழுவும் அதைக் கொண்டாடியது. பெண்களுக்குக் கதவு திறந்ததால் கும்மி கெட்டா போயிற்று? இன்று திடல் நிறைவதே எங்களால்தானே!

பாட்டையாவது கொஞ்சம் காதில் வாங்கியிருக்கலாம். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். பெற்றவர் யார், எந்த ஊர் என்று வேடர் குடி பட்டியல் பார்க்கவில்லை. அவளைத் தேடி வருகிற முருகனோ அசலூர்க்காரன். வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டுத்தான் தினைப்புனத்துக்குள் நுழைய முடிகிறது. இந்தக் கதையை இரவெல்லாம் பாடி ஆடிவிட்டு, சேர வருகிறவர்களிடம் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்கிறோம். அந்த அக்காவிடமும் கேட்டார்கள். அவர் விவரம் புரியாமல், ஆறாம் நம்பர் வீடுங்க என்றார். வள்ளியே சலங்கை கட்ட வந்திருந்தாலும் நம் பட்டியலில் இடம் கிடைத்திருக்காது போலிருக்கிறது.

கோவில் நன்கொடை ரசீதுப் புத்தகம் லைன் வீட்டுக்குப் போனபோது இந்தக் கேள்வி எழவில்லை. ராமநாதபுரம், ஒடிசா, பீகார் எல்லோர் பெயரும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்கள். வாடகைக்கு அவர்கள் வேண்டும், கம்பெனிக்கு வேண்டும், தோட்டத்தில் காய் பறிக்க வேண்டும், கல்யாண மண்டபத்தில் இலை எடுக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போது உள்ளூர் வெளியூர் பார்ப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் லைன் வீட்டுக்குத் தண்ணீர் விடாமல் மோட்டாரை அணைப்பவர்களைப் பற்றியும் எழுதலாம்தான். அதற்குத் தனி மடல் வேண்டும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்த பயிற்சி தொடங்கும்போது சேர விரும்பும் யாரையும் சேருங்கள். பெயரும் வயதும் கேட்டால் போதும். ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டுப்போன அடிகளை மறுபடி சொல்லித்தரலாம். நானும் இன்னும் சில பெண்களும் வரத் தயார், ஆசிரியருக்குச் சுமை இருக்காது. புதியவர்களைக் கடைசி வரிசையில் ஒன்றாக நிறுத்தாதீர்கள். முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக் கும்மியடிக்கப் பழக முடியாது. தெரிந்தவர் இருவருக்கு நடுவில் ஒருவரை விட்டால் கால் தானாகப் பழகும். பட்டுச்சேலை கட்டாயம் என்பதையும் யோசியுங்கள். ஒரே நிறத்தில் நூல் சேலை கட்டினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். வயதில் மூத்த சில அம்மாக்களும் செலவுக்குப் பயந்தே ஒதுங்கி நிற்கிறார்கள். பாட்டின் வரிகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டில் பாடிப் பழகுவார்கள்.

இவற்றில் எதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், கற்றுக்கொண்டவரை ஆட விடுங்கள் என்பதை மட்டும் தள்ளிவைக்காதீர்கள். பங்குனி உத்திரத்துக்குக் கோவிலில் மறுபடி ஆடப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் அம்மா, மகள் இருவர் பெயரும் இருக்க வேண்டும். நீங்களே நேரில் போய் அழைப்பதுதான் முறை. ஆறாம் நம்பர் வீடு. எட்டரைக்கு முன்னால் போனால் குழந்தை மட்டும்தான் இருப்பாள், அதனால் ஒன்பது மணிக்கு மேல் போங்கள்.

மரியாதையுடன்,
இரண்டாம் வரிசையில் ஆடுகிற உங்கள் ஊர்ப் பெண்