போரை நிறுத்திய ஜெனரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்நிறுத்தப் பேச்சு பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் ரஷ்ய ஜெனரல் அலெக்சாந்தர் லெபெத் என் நினைவுக்கு வருகிறார். இன்று அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது வருத்தமாக இருக்கிறது.

பாராசூட் படையில் வளர்ந்தவர், ஆப்கானிஸ்தானில் போரிட்டவர். 1992-ல், மால்டோவாவிலிருந்து பிரிந்துபோகப் போராடிய டிரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் ரஷ்யாவின் 14-வது ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். அங்கே சண்டை நின்றதற்கு அவருடைய பீரங்கித் தாக்குதலும் ஒரு காரணம். அதில் உயிர்கள் போயின, அதை மறைக்க முடியாது.

1996 அதிபர் தேர்தலில் ஏறக்குறைய 15 சதவீத வாக்கோடு மூன்றாவதாக வந்தார். உடனே அதிபர் யெல்த்சின் அவரைப் பாதுகாப்புக் கவுன்சில் செயலாளராக்கினார். அந்த ஆகஸ்டில், ரஷ்யாவிலிருந்து பிரியப் போராடிய செச்சன்யாவின் போராளிகள் அதன் தலைநகர் க்ரோஸ்னியை மீண்டும் பிடித்தபோது, லெபெத் நேரில் போய் அவர்களின் தளபதி மஸ்கதோவுடன் பேசினார். ஆகஸ்ட் 31 அன்று பக்கத்திலுள்ள தாகெஸ்தானின் கசவ்யூர்த் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செச்சன்யாவின் அந்தஸ்தை முடிவு செய்ய 2001 இறுதிவரை அவகாசம் தரப்பட்டது. ரஷ்யப் படைகள் வெளியேறின.

சரணாகதி என்று மாஸ்கோவில் பலர் திட்டினார்கள். அக்டோபரிலேயே பதவி போனது. அப்புறம் 1998-ல் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் பகுதிக்கு ஆளுநராகத் தேர்வானார், 2002 ஏப்ரலில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். 1999-ல் செச்சன்யாவில் போர் திரும்ப வெடித்தது உண்மைதான். ஆனாலும் இடையில் கிடைத்த அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சிப்பாய்கள் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள்!

அன்புடன்,
ஒரு வாசகர்