அந்த வட்டப் படத்தை உண்டாக்கின பெட்டியை காயலான் கடைக்கு போட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல பழைய டிவி காலத்தைப் பத்தி வந்த கட்டுரை ரொம்ப நல்லா இருந்துச்சு, ஒளியும் ஒலியும், ஆண்டெனா திருப்புறது, பக்கத்து வீட்டு ஜன்னல்ல நின்னு பார்க்கிறதுன்னு எல்லாமே வந்திருந்துச்சு. ஆனா நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற அந்த வட்டமும் கலர் பட்டையும் "சும்மா நேரத்தை ஓட்ட போட்ட படம்"னு ஒரு வரியில முடிச்சுட்டாங்க, அதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. நான் பல வருஷம் டிவி ரிப்பேர் கடையில வேலை பார்த்தவன். எங்களுக்கு அதுதான் அளவுகோல், ஸ்டேஷன்ல இருந்த இன்ஜினியர்களுக்கும் அதேதான்.

அந்த வட்டம் எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? பிக்சர் டியூப்ல உயரம், அகலம், லீனியாரிட்டி (படம் எல்லா இடத்துலயும் ஒரே சீரா விரியுறது) எது கொஞ்சம் தப்பினாலும் வட்டம் முட்டை மாதிரி ஆயிடும். மனுஷ முகம் லேசா நீண்டிருந்தா கண்ணுக்கு தெரியாது, வட்டம் நசுங்கினா சின்னப் பிள்ளைக்கு கூட தெரிஞ்சிடும். மீட்டர் வேண்டாம், சிக்னலை அலையா காட்டுற ஸ்கோப் வேண்டாம், கண்ணு போதும். ஓரத்துல கருப்பு வெள்ளையா கட்டம் கட்டமா வர்றது படம் எவ்வளவு தூரம் திரைக்கு வெளியில போகுதுன்னு பார்க்கிறதுக்கு. வட்டத்துக்குள்ள நெருக்கமா கோடு கோடா அஞ்சு தொகுதி இருக்கும் பாருங்க, பிலிப்ஸ் கம்பெனியோட பிஎம் 5544ங்கிற பெட்டி உண்டாக்கின பேட்டர்ன்ல (அந்த வட்டப் படம்தான்) அது 0.8, 1.8, 2.8, 3.8, 4.8 மெகாஹெர்ட்ஸ், எண் ஏற ஏற கோடு நெருக்கமாகும். கடைசி தொகுதியில கோடு தனித்தனியா தெரிஞ்சா செட் முழு விவரத்தையும் காட்டுதுன்னு அர்த்தம், சாம்பல் கலர்ல மொழுக்குனு தெரிஞ்சா எங்கயோ ட்யூனிங் சரியில்ல, இல்ல ட்யூனர்ல இருந்து வர்ற சிக்னலைப் பெருக்குற ஐஎஃப் ஸ்டேஜ்ல வேலை இருக்கு. வீட்டு விஎச்எஸ் டேப்ல இதையே பதிஞ்சு போட்டா சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தாங்கும், கடைசி ரெண்டு தொகுதி காணாமப் போயிடும், கேசட்ல படம் ஏன் மங்கலா இருக்குன்னு கேட்ட கஸ்டமருக்கு இதைக் காட்டினா பேச்சே வேண்டாம்.

இந்த பிஎம் 5544 டென்மார்க்ல பிறந்தது. கோபன்ஹேகன் பக்கத்துல பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்துல ஃபின் ஹெண்டில்ங்கிற இன்ஜினியர் 1960களோட கடைசியில உருவாக்கினது. இதுல எனக்கு ஆச்சரியமான விஷயம் என்னன்னா இதுக்கு கேமரா கிடையாது, ஸ்லைடு கிடையாது, அட்டையில வரைஞ்ச படமும் கிடையாது. டிவி படம் மேல இருந்து கீழ வரைக்கும் லைன் லைனா வரையப்படுறது, நம்ம நாட்டு கலர் டிவி முறையான பிஏஎல்ல ஒரு லைனுக்கு 64 மைக்ரோசெகண்ட், அதுல படம் தெரியுறது 52, அந்த 52க்குள்ள எந்த இடத்துல வெள்ளையா மாறணும், எந்த இடத்துல திரும்பி சாம்பலா ஆகணும்னு உள்ள இருக்கிற சர்க்யூட்டே எண்ணி எண்ணி சிக்னல் உண்டாக்கும். வட்டத்துக்கு ஒவ்வொரு லைன்லயும் அந்த இடம் மாறிட்டே போகணும், மேல கிட்ட கிட்ட, நடுவுல அகலமா, திரும்ப கிட்ட கிட்ட. கம்ப்யூட்டர் பரவாத காலத்துல ஒரு பெட்டியில அடுக்கின சர்க்யூட் கார்டுகள் இதைச் செஞ்சுதுன்னா அந்த மூளைக்கு என்ன மரியாதை கொடுத்தாலும் தகும். ஸ்டேஷன் பேரை அந்த கருப்பு கட்டத்துல போட்டுக்கலாம், அதனாலதான் எத்தனையோ நாட்டுல இதே வட்டம் வேற வேற பேரோட வந்துச்சு.

அதுக்கு முன்னாடி இருந்த முறையும் சாதாரணம் இல்ல. அமெரிக்காவுல ஆர்சிஏ கம்பெனி 1939ல கொண்டு வந்த செவ்விந்தியர் தலை படம் போட்ட பேட்டர்ன் மோனோஸ்கோப்னு ஒரு டியூப்ல இருந்து வரும். டியூபுக்குள்ளயே ஒரு அலுமினியத் தகடு, அதுல கார்பன் மையில படம் அச்சடிச்சிருப்பாங்க, எலக்ட்ரான் கதிர் தகட்டு மேல ஓடும்போது அலுமினியம் பட்ட இடத்துல நிறைய எலக்ட்ரான் தெறிக்கும், கார்பன் பட்ட இடத்துல கம்மியா தெறிக்கும், அந்த வித்தியாசம்தான் வெளிய வர்ற சிக்னல். ஒரு டியூபுக்கு ஒரே படம்தான், மாத்தணும்னா டியூபையே மாத்தணும். ஆனா லைட் வேண்டாம், லென்ஸ் வேண்டாம், ராப்பகலா அதே படத்தை கொஞ்சமும் மாறாம கொடுக்கும்.

பிபிசி வேற வழியில போச்சு. 1967ல வந்த டெஸ்ட் கார்டு எஃப்ல ஒரு சின்னப் பொண்ணு கோமாளி பொம்மையோட உக்காந்து கரும்பலகையில வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு விளையாடுறா, அது ஜார்ஜ் ஹெர்சிங்கிற இன்ஜினியரோட மகள் கரோல். பெரிய மாடல் அழகியைப் போட்டா துணியும் தலைமுடி ஸ்டைலும் சீக்கிரம் பழசாயிடும்னு குழந்தையைப் போட்டாங்க, மனுஷத் தோல் கலர் சரியா வருதான்னு பார்க்கிறதுக்கு முகம் வேணும்ல. கரும்பலகையில இருக்கிற பெருக்கல் குறி சும்மா இல்ல, சரியா திரையோட நடு மையம் அது.

அமெரிக்க கலர் பட்டைகளும் நல்லதுதான், சிபிஎஸ் ஆய்வுக்கூடத்துல உருவாகி 1978ல தரமாச்சு, ஸ்டூடியோவுல கலர் செட் பண்ண அதைவிட வேகமானது கிடையாது. ஆனா ஒரு வட்டத்தைப் பார்த்து செட்டோட ஆரோக்கியம் முழுசையும் சொல்லிடலாம்ங்கிற வசதி அதுல இல்ல, அதனால என் ஓட்டு டென்மார்க் வட்டத்துக்குத்தான்.

எங்க கடை வேலையையும் சொல்றேன். 1982ல நம்ம நாட்டுக்கு கலர் வந்ததும் சாலிடேர், டயனோரா கலர் செட்டுகள் கடைக்கு வர ஆரம்பிச்சுது. டியூப் மாத்தினா கன்வர்ஜென்ஸ், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூணு படமும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழுறது, செட் பண்ணணும், அதுக்கு கடையில சின்ன பேட்டர்ன் ஜெனரேட்டர் வெச்சிருப்போம், அதுல க்ராஸ்ஹாட்ச்ங்கிற குறுக்குக்கோடு படம் போட்டா திரை பூரா வெள்ளைக் கட்டம் கட்டமா வரும். சரியில்லாத செட்ல அந்த வெள்ளைக் கோடு ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமா பிரிஞ்சு நிக்கும். டியூப் கழுத்துல இருக்கிற காந்த வளையங்களை மில்லிமீட்டர் கணக்குல திருப்பணும், ஓரங்களுக்கு யோக் (டியூப் கழுத்தைச் சுத்தி இருக்கிற கம்பிச்சுருள்) அடியில ரப்பர் ஆப்பு சொருகணும், ஆனா கை பின்னாடி இருந்தா திரை எப்படித் தெரியும்? அதுக்காக முன்னாடி முகம் பார்க்கிற கண்ணாடியை நிறுத்தி வெச்சு அதைப் பார்த்துட்டே திருப்புவோம். சிவப்பும் நீலமும் பச்சையோட வந்து சேர்ந்து கோடு சுத்த வெள்ளையாகிற அந்த நிமிஷம் இருக்கே, அதுக்கு ஈடு கிடையாது. பின்னாடி இருக்கிற ஹை வோல்டேஜ் பயத்தையும் மறக்க வெச்சிடும்.

ஸ்டேஷன் பேட்டர்ன் வர்ற நேரம்தான் ஆண்டெனா வேலைக்கும் நேரம். ஆடாத அசையாத படம்ங்கிறதால கோஸ்ட், அதாவது நிழல் படம், விழுந்தா உடனே தெரியும், கூர்மையான ஓரத்துக்கு வலது பக்கம் இன்னொரு மங்கலான ஓரம் நிக்கும், எதிரொலிச்சு வர்ற சிக்னல் லேட்டா வர்றதால அப்படி. 1982ல இலங்கையில ரூபவாஹினி டிவி வந்த பிறகு எங்க கடலோர ஊர்கள்ல உயரமா பைப் நட்டு பூஸ்டர் போட்டு ஆண்டெனா திருப்பினது ஒரு தனி காலம்.

இப்ப நான் எழுதுறதுக்கு முக்கிய காரணம் வேற. தூர்தர்ஷன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை முக்கியமான கொஞ்ச இடம் தவிர மத்த இடங்கள்ல 2022 வாக்குல மூடிட்டாங்க. அந்த இடங்கள்ல இருந்த பேட்டர்ன் ஜெனரேட்டர், சிக்னலோட அலையைக் காட்டுற வேவ்ஃபார்ம் மானிட்டர், கலரை அளக்கிற வெக்டர்ஸ்கோப் எல்லாம் ஏலத்துல போனா எடை போட்டுத்தான் எடுப்பாங்க, உள்ள இருக்கிற கார்டுகளை செம்புக்காகவும் தங்கத்துக்காகவும் உடைச்சிடுவாங்க. ஆர்சிஏ செவ்விந்தியர் படத்தோட மூல ஓவியம் 1970 வாக்குல நியூஜெர்சியில அந்த பழைய பேக்டரியை இடிச்சப்ப குப்பைத் தொட்டியிலதான் கிடந்துச்சு, இடிக்கிற வேலைக்கு வந்த தொழிலாளி ஒருத்தர் பார்த்து எடுத்து வெச்சதால இன்னைக்கு அது இருக்கு. நம்ம ஊர்ல அப்படி ஒருத்தர் கண்ணுல படுவார்னு நம்பிட்டு இருக்க முடியாது.

சென்னையில 1975லயே டிவி வந்துடுச்சு, அந்த ஸ்டேஷனோட பழைய கருவி ஒரு செட்டாவது கோட்டூர்புரம் அறிவியல் தொழில்நுட்ப மையத்துல வைக்கணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்காம, ஒரு பழைய பிக்சர் டியூப் டிவியில இணைச்சு ஓட விடணும், பக்கத்துல ஒரு குமிழ் வெச்சா பிள்ளைங்களே திருப்பி வட்டம் நசுங்குறதைப் பார்க்கட்டும். ஓட்டிக் காட்ட தெரிஞ்ச ஓய்வு பெற்ற இன்ஜினியர்களும் மெக்கானிக்குகளும் இன்னும் இருக்காங்க, கூப்பிட்டா காசு வாங்காம வருவாங்க, நானும் வருவேன். உங்க பத்திரிகை இதை ஒரு செய்தியா எடுத்து, மூடின ஸ்டேஷன்கள்ல என்னென்ன மிச்சம் இருக்குன்னு நிருபரை அனுப்பி விசாரிச்சு எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய டிவி மெக்கானிக் ஒருவர்,
தூத்துக்குடி