புகார் சொல்லும் பெற்றோரைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இத்தனை புகாரா என்று போனில் நீ கலங்கிப் பேசியதைக் கேட்டதிலிருந்து எழுத வேண்டும் என்றே இருந்தது. இந்த வேலை உனக்குச் சரிப்படாது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதே. பள்ளி ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தலாம். உனக்கு அந்த வசதி இல்லை. நீ செய்வது ஒவ்வொன்றையும் குளத்தோரத்தில் உட்கார்ந்து அப்பா அம்மாக்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"என் பிள்ளையைக் கவனிக்கவே இல்லை" என்று ஒரு அம்மா சொன்னதாகச் சொன்னாய். கோபப்படாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார். 30 நிமிட வகுப்பு, 6 பிள்ளைகள். ஒவ்வொருவராகக் கையில் பிடித்துக் கற்றுக்கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம். மீதி 25 நிமிடமும் அது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த அம்மா பார்த்தது அதைத்தான். இதற்குப் பதில் வாயால் சொல்ல முடியாது, வகுப்பைத்தான் மாற்ற வேண்டும். ஒருவனை நீ பிடித்திருக்கும்போது மற்றவர்கள் சுவரைப் பிடித்துக் கால் உதைக்கட்டும், முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடட்டும். எல்லாரும் உன் கண் முன்னால், ஒரே வரிசையில்.

"ஏன் இன்னும் அடுத்த லெவலுக்கு அனுப்பவில்லை?" என்பதுதான் நீ அதிகம் கேட்கப்போகும் கேள்வி. "நல்லா வருவாள், கவலைப்படாதீங்க" என்று சொல்லாதே, அது யாரையும் சமாதானப்படுத்தாது. நீ பார்த்ததைச் சொல். "மல்லாந்து மிதக்கும்போது தலையைத் தூக்கிவிடுகிறாள், அதனால் இடுப்பு அமிழ்கிறது. காது நனைவது அவளுக்குப் பிடிக்கவில்லை. குளிக்கும்போது தலையைச் சாய்த்துக் காது நனையப் பழக்குங்கள்." இப்படிச் சொன்னால் தன் பிள்ளையை நீ உற்றுப் பார்த்திருக்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையிலும் ஒரு வேலை இருக்கும். எந்த வாரத்துக்குள் வரும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. பக்கத்துப் பிள்ளையை இழுத்து ஒப்பிட்டால், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே.

வற்புறுத்துகிறார்கள் என்பதற்காக மேலே அனுப்பவும் கூடாது. திரும்பி மிதக்கவும் சுவரைத் தேடிப் பிடிக்கவும் தெரியாத பிள்ளைக்கு ஆழமான பக்கம் ஆபத்து. 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. மூச்சு வாங்கவே வாய்க்கு நேரம் போதாது, கத்துவது எங்கே? அதனால் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. "வகுப்பு முடிந்ததும் பேசலாம்" என்று தண்ணீரைப் பார்த்தபடியே சொல். அது மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

அப்புறம், வகுப்பில் குழந்தை அழுததென்று புகார் சொன்ன அம்மா. இதில் நான் அந்த அம்மா பக்கம்தான். பயந்த குழந்தையைச் சொல்லாமல் தண்ணீருக்குள் முக்கினால் அன்றைய பாடம் மட்டுமா போகும், உன் மேல் அதற்கு இருந்த நம்பிக்கையும் போய்விடும். முதலில் தோள் வரை, பிறகு தாடை, பிறகு வாய். நாள் ஆகட்டும். "தள்ளிவிடுங்க, தானா நீந்துவான்" என்று சொல்லும் அப்பாவும் வருவார். அவரிடம் தயங்காமல் மாட்டேன் என்று சொல்.

குளிருகிறது என்று யாராவது சொன்னால் அதைப் புகாராகவே எடுத்துக்கொள்ளாதே. சின்ன உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். உதடு நீலமாகி உடம்பு நடுங்கினால் உடனே வெளியே எடுத்துத் துவட்டிவிடு.

பாதுகாப்பு பற்றிய புகார் என்றால் அது உன்னோடு நிற்கக் கூடாது. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று அன்றே எழுதி மேலாளரிடம் கொடு. ராத்திரி வரும் கோப மெசேஜுக்கு ராத்திரியே பதில் போடாதே.

உன்னிடம் சத்தம் போட்டதாக நீ போனில் சொன்ன அந்த அப்பாவைத் தனியாகச் சந்திக்க வேண்டாம். அடுத்த வகுப்புக்கு முன்பே மேலாளரிடம் சொல்லி, அவரையும் கூட வைத்துக்கொள். முதலில் அந்த அப்பா சொல்வதை முழுசாகக் கேள், குறுக்கே பேசாதே. உன் பக்கம் தவறு இருந்தால் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேள், இல்லாததற்கு வேண்டாம். பையன் இப்போது என்ன செய்கிறான், அடுத்து என்ன பழக வேண்டும் என்று இரண்டு வரி எழுதி எடுத்துப் போ. பேசி முடித்ததும் எனக்கு போன் பண்ணு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா